இரைச்சல் சொல்லும் பழுது: எம்ஜிபி ஜிடி காருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

எம்ஜிபி 1962ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையிலிருந்து திறந்த கூரை கொண்ட இரண்டிருக்கை வண்டியாக வெளிவந்தது. மூடிய கூரையும் மேல்நோக்கித் திறக்கும் பின்கதவும் கொண்ட ஜிடி வகை 1965இல் சேர்ந்தது. 1980இல் உற்பத்தி நிற்கும் வரை இரண்டும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. ஜிடியின் கூரைக்கோட்டில் இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்தின் கை உண்டு, அதனால் கண்ணுக்கு அது குறையில்லாத வண்டி. காதுக்கோ, முன்கண்ணாடியிலிருந்து பின்கதவு வரை தடுப்பு ஏதுமில்லாத ஒரே தகரப்பெட்டி. எந்த மூலையில் எது அதிர்ந்தாலும் ஓட்டுபவரின் தலைக்குப் பின்னால் வந்து முழங்கும்.

என்னிடம் உள்ளது 1972ஆம் ஆண்டு வண்டி. 2006இல் வாங்கிய நான் இரண்டாம் ஆண்டிலேயே பொறுமை இழந்து, தரை முழுவதும் தார்ப்பட்டை ஒட்டி, அதன்மேல் தடித்த பஞ்சும் கம்பளமும் விரித்தேன். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து அதை உரித்தபோது, பட்டையுடன் சேர்ந்து தரைத்தகடும் துண்டு துண்டாகக் கையோடு வந்தது. எங்கிருந்தோ கசிந்த நீர் பட்டைக்கு அடியில் தேங்கி, இரும்பை ஆற அமரத் தின்றிருந்தது. இந்த வழிமுறையின் வரிசை அந்த அனுபவத்தில் பிறந்தது: இரைச்சலை மூடுவதற்கு முன் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், பழுதைச் சரிசெய்ய வேண்டும், இடைவெளிகளை அடைக்க வேண்டும், ஒலித்தடுப்புப் பட்டையைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

முதலில் ஓட்டிப் பார்த்தல்

எந்த அறிகுறிக்கும் முன்னதாக, இரைச்சல் எதைப் பின்தொடர்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். அது எஞ்சின் சுழற்சியையோ, சாலை வேகத்தையோ, ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அழுத்தத்தையோ, சாலையின் மேடுபள்ளத்தையோ பின்தொடரும். வண்டி நிற்கும்போது கியர் போடாமல் எஞ்சினை மெல்ல ஏற்றி இறக்கினாலே இரைச்சல் கேட்கிறது என்றால், சக்கரத்தையும் ஆக்சிலையும் பற்றி அன்று கவலைப்பட வேண்டியதில்லை.

சுவிட்சைத் தட்டினால் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் துணைக் கியரான ஓவர்டிரைவ் பொருத்திய வண்டி என்றால் அதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது. மணிக்கு 70 மைலில், அதாவது சுமார் 112 கிலோமீட்டரில், நான்காம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,900 சுற்றில் ஓடும்; ஓவர்டிரைவைப் போட்டால் அது 3,200 அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸின் பின்முனையில் இருப்பதால், அதற்கு அப்பால் உள்ள, விசையைப் பின்பக்கம் கொண்டுசெல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஆக்சில், சக்கரம் ஆகிய எதன் வேகமும் மாறுவதில்லை. ஆகவே வேகத்தை மாற்றாமல் சுவிட்சை மட்டும் தட்டிப் பாருங்கள். இரைச்சல் மாறினால் குற்றவாளி எஞ்சின், சைலன்சர், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் பக்கம் இருக்கிறது. மாறாவிட்டால் பின்பக்கம் இருக்கிறது. பட்டறைகளில் அரை நாள் தேடுவதை இந்த ஒரு சுவிட்ச் பத்து விநாடியில் பிரித்துக் காட்டுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஓடும்போது கியரை நடுநிலைக்குத் தள்ளி உருளவிட்டுக் கேட்பதும் பயனுள்ளது. ஆனால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கக் கூடாது, ஏனெனில் ஸ்டியரிங் பூட்டு உள்ள வண்டியில் அது உயிருக்கே ஆபத்தாகும்.

அறிகுறி: வண்டி நிற்கும்போதே டக்டக் ஒலி

பின் இருக்கையின் அடியிலிருந்து வரும் டிக்டிக் ஒலி எஸ்யூ மின்சாரப் பெட்ரோல் பம்பினுடையது. வலப்புறப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், தரைக்கு அடியில் அது இருக்கும். சாவியைத் திருப்பியதும் சில முறை வேகமாக அடித்து, கார்ப்பரேட்டரின் மிதவை அறைகள் நிரம்பியதும் அது நின்றுவிட வேண்டும். எஞ்சினைக் கிளப்பாத நிலையிலும் தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தால், பெட்ரோல் எங்கோ வழிகிறது, அல்லது மிதவையின் ஊசி வால்வு மூடவில்லை, அல்லது டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்று நுழைகிறது. இதை ஒலிப் பிரச்சினையாக நினைத்துப் பம்பைப் பஞ்சில் சுற்றுவது நெருப்புக்கு அழைப்பு விடுப்பதாகும்.

பானட்டுக்கு அடியில் கேட்கும் டக்டக் ஒலி குளிர்ந்த எஞ்சினில் பலமாகவும் சூடானதும் மெலிந்தும் ஒலித்தால், எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியைத் தானே மூடிக்கொள்வதால் ஒலி அடங்குகிறது. சூடான பின்னும் அப்படியே இருந்தால் டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். இந்த 1,798 சிசி எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சரியாக வைத்த பிறகும் ஒலி போகவில்லை என்றால், ராக்கர் முனையில் வால்வின் தேய்மானம் ஒரு குழியை உண்டாக்கியிருக்கும். தட்டையான அளவுத்தகடு குழியின் இரு கரைகளை மட்டுமே தொடுவதால் உண்மையான இடைவெளி தெரியாமல் போகிறது. ராக்கரின் ஷாஃப்டையும் கழற்றி அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒலியை ஒழிப்பதற்காக இடைவெளியைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. அவர்கள் எரிந்த வால்வுடன் திரும்பி வருவார்கள். இந்த எஞ்சின் தையல் இயந்திரம்போல் கொஞ்சம் பேசத்தான் செய்யும்.

கிளட்சை மிதிக்காதபோது கேட்டு, மிதித்ததும் மறையும் உருளல் ஒலி கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்குகளுடையது. மிதிக்கும்போது மட்டும் கேட்கும் உரசல் ஒலி கிளட்ச் ரிலீஸ் பேரிங்கினுடையது. இந்த வண்டியில் அது உருளைகள் இல்லாத கார்பன் வளையம் என்பதால், சிவப்பு விளக்கில் கிளட்சை மிதித்தபடியே காத்திருக்கும் பழக்கம் அதை விரைவில் தேய்த்துவிடும்.

அறிகுறி: 3,000 சுற்றை ஒட்டிக் கேபினை நிறைக்கும் முழக்கம்

ஜிடி உரிமையாளர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். தவறான சிகிச்சை அதிகம் நடப்பதும் இதற்குத்தான். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை வெடிக்கிறது; ஆகவே 3,000 சுற்றில் விநாடிக்கு 100 வெடிப்புகள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். அதன் பாதி, கால்வைக்கும் இடத்திலிருந்து பின்கதவு வரையான கேபின் நீளத்துக்கு அருகில் வருகிறது. அதனால்தான் வெளியே சாதாரணமாக ஒலிக்கும் எஞ்சின் உள்ளே குறிப்பிட்ட ஒரு சுற்றில் மட்டும் நெஞ்சை அழுத்துகிறது. இவ்வளவு நீண்ட அலையை 10 மில்லிமீட்டர் பஞ்சு உறிஞ்சிவிடும் என்று எதிர்பார்ப்பது கடலலைக்கு முன் கோரைப்பாய் விரிப்பது போன்றது. கம்பளத்துக்கு அடியில் எவ்வளவு திணித்தாலும் இந்த முழக்கம் அசைவதில்லை. அது காற்று வழியாக மட்டும் வருவதில்லை. எஞ்சினும் சைலன்சரும் வண்டியின் கூட்டை எங்கோ நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதே பெரும்பாலும் இதன் பொருள்.

தொடும் இடத்தைக் கண்டுபிடிக்க வண்டியைத் தாங்கிகளின் மேல் உறுதியாக நிறுத்தி, குளிர்ந்த நிலையில் சைலன்சர்க் குழாயை முன்னும் பின்னும், இடமும் வலமும் கையால் ஆட்டிப் பாருங்கள். கூட்டுக்கும் குழாய்க்கும் இடையே எல்லா இடத்திலும் விரல் நுழைய வேண்டும். பளபளப்பாகத் தேய்ந்த இடம் தென்பட்டால் அங்கேதான் உரசுகிறது. பல நேரங்களில் குழாய் சரியாகத்தான் இருக்கும். பொருத்தும்போது முறுக்கிவிட்ட அழுத்தம் ரப்பர்த் தொங்கல்களை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கும். அப்போது எல்லா கிளாம்புகளையும் தளர்த்தி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, குழாய் தன் இயல்பான இடத்தில் அமர்ந்த பிறகு, முன்னிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாக முடுக்க வேண்டும். செலவே இல்லாத இந்த வேலை என் வண்டியின் முழக்கத்தில் பெரும்பகுதியைப் போக்கியது என்பதைச் சொல்லச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனெனில் அதற்குள் நான் இரண்டு சுருள் பட்டை வாங்கியிருந்தேன்.

அதன் பிறகும் முழக்கம் மிஞ்சியிருந்தால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளையும் கியர்பாக்ஸின் குறுக்குச் சட்டத்தில் உள்ள ரப்பர்களையும் பாருங்கள். எண்ணெய் ஊறிய ரப்பர் உப்பிக் குழைந்துபோகும்; வயதான ரப்பர் கல்லாகிவிடும்; இரண்டுமே அதிர்வைக் கடத்தும். புதிதாக மாற்றும்போது, பந்தயத்துக்கு உகந்தது என்று விற்கப்படும் கடினமான பாலியூரித்தேன் வகையை இந்த இடங்களில் தவிர்த்துவிட வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் கைகளான விஷ்போன்களின் புஷ்களுக்கும் இதே கருத்துதான்: எட்டு சிலிண்டர் கொண்ட ஜிடி வி8 வண்டிக்கென்று வந்த, உலோகக் குழலோடு ஒட்டிய ரப்பர் புஷ் நான்கு சிலிண்டர் வண்டிக்கும் பொருந்தும்; அது உறுதியையும் தருகிறது, சாலையின் கரகரப்பையும் கேபினுக்குள் விடுவதில்லை.

முழக்கத்தை அளக்கக் கைப்பேசியின் ஒலிமானியை நம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவை பெரும்பாலும் ஏ எனப்படும் எடைமுறையில் காட்டுகின்றன. அந்த முறை 100 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 19 டெசிபெலைக் கழித்துவிடுகிறது. காது தாங்காத முழக்கம் திரையில் சாதுவாகத் தெரிவது அதனால்தான். தாழ்ந்த ஒலியை அவ்வளவு கழிக்காத சி எடைமுறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றிக்கொண்டு, ஒரே சாலையில், ஒரே வேகத்தில், கைப்பேசியை ஒரே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் பின்னால் "டொக்"

கம்பிச் சக்கரம் பூட்டிய வண்டியென்றால் முதலில் சக்கரப் பல்வரிகளைச் சோதிக்க வேண்டும். பின்சக்கரத்தைத் தூக்கி, ஒருவர் பிரேக்கை அழுத்தமாக மிதித்திருக்க, மற்றவர் சக்கரத்தை முன்னும் பின்னும் திருகட்டும். பிரேக் பிடித்திருக்கும்போதே சக்கரம் சற்று ஆடினால், மையக் குடத்தின் பற்களும் சக்கரத்தின் பற்களும் தேய்ந்திருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். பழைய குடத்தில் புதுச் சக்கரத்தைப் போடுவது பணத்தைத் தேய்ப்பதற்குச் சமம். தேய்ந்த பற்கள் ஒருநாள் முற்றாக வழுக்கினால் அந்தச் சக்கரத்துக்கு எஞ்சினும் கிடையாது, பிரேக்கும் கிடையாது.

தட்டுச் சக்கரமென்றால் ஆக்சிலைப் பட்டை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டுகளை முடுக்கிப் பாருங்கள். புது ரப்பர்த் திண்டு போட்ட பின் சில நூறு மைல்களில் அது அமுங்கி, போல்ட் தளர்வது வழக்கம். அடுத்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு கிராஸ் ஜாயிண்டுகளைப் பாருங்கள். அவற்றிலும் ஆட்டமில்லை என்றால், விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு வாஷர்கள் தேய்ந்திருக்கும். இந்த ஆக்சிலில் அது மிகப் பரவலான குறை. ஒலி கடுமையாக இருந்தாலும் வண்டி உடனே நின்றுவிடப் போவதில்லை. ஆக்சிலை வேறு காரணத்துக்காகத் திறக்கும் நாள் வரை பொறுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

அறிகுறி: சாலை வேகத்தோடு ஏறும் ரீங்காரம் அல்லது உறுமல்

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதியிலும் விடும்போது வேறு சுருதியிலும் பாடினால் அது டிஃபரன்ஷியல் பற்களின் ஒலி. எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பற்களின் பொருத்தத்தை வீட்டில் தொட வேண்டாம். வளைவில் திரும்பும்போது கூடிக் குறையும் உறுமல் சக்கர பேரிங்கினுடையது. வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கச் சக்கரத்தின்மேல் எடை ஏறுகிறது என்பதால் அதையே சந்தேகிக்க வேண்டும். முன்சக்கரங்களில் இரு பேரிங்குகளுக்கு நடுவே ஓர் இடைக்குழலும் மெல்லிய ஷிம் வளையங்களும் உண்டு. அவற்றை வைத்து 0.002 முதல் 0.004 அங்குலம் வரை ஆட்டம் விட்டு நட்டை முழு அழுத்தத்தில் முடுக்க வேண்டும். வேறு வண்டிகளில் பழகிய கையினர் இடைக்குழலைத் தேவையற்றதென்று தூக்கிப் போட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். அச்சுமுளைக்கு வலுச் சேர்ப்பதே அந்தக் குழல்தான்.

இவை எதுவுமில்லாத பொதுவான சாலை இரைச்சலுக்கு டயரின் வயதைப் பாருங்கள். 2000க்குப் பிந்தைய டயர்களில் நான்கு இலக்கம் இருக்கும்: 2310 என்றால் 2010ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அபூர்வமாக ஓடும் வண்டியில் பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிவிடுகிறது. பார்வைக்குப் புதிது, காதுக்குக் கட்டைவண்டி.

அறிகுறி: கேபினுக்குள் புகை நாற்றம்

வேகமாக ஓடும் ஜிடியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால், சைலன்சர் முனையிலிருந்து வெளியேறும் புகை திரும்பிப் பின்கதவு நோக்கி இழுக்கப்படுகிறது. பின்கதவின் ரப்பர், பின்விளக்குகளின் அடிரப்பர், டிக்கித் தரையின் துளையடைப்பான்கள் ஆகிய மூன்றையும் பாருங்கள். இருட்டில் ஒருவர் உள்ளே அமர்ந்திருக்க, வெளியிலிருந்து டார்ச் அடித்தால் வெளிச்சம் நுழையும் ஒவ்வொரு இடமும் புகை நுழையும் இடம்தான். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்தத் துளைகளே ஒலிக்கும் வாசல்கள். ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மற்ற தொண்ணூற்றொன்பது பங்கை எவ்வளவு கனமாக்கினாலும் 20 டெசிபெலுக்கு மேல் அது தடுக்காது. கியர் லீவரின் அடிரப்பர், ஸ்டியரிங் தண்டு நுழையும் இடம், ஹீட்டர்க் குழாய்கள், பெடல் பெட்டி எனக் கால்பக்கத் தடுப்புச் சுவரில் இருக்கும் ஓட்டைகளைப் புது ரப்பரால் அடைப்பது ஒரு சுருள் பட்டையைவிட அதிகம் பயன்தரும்.

அறிகுறி: மணிக்கு 50 மைலுக்கு மேல் சீழ்க்கை; கதவு மூடும்போது இடிப்பது

கதவு, முன் முக்கோணக் கண்ணாடி, பின்பக்கச் சன்னல், முன்கண்ணாடி ஆகியவற்றின் விளிம்புகள் அனைத்தையும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டு ஓட்டுங்கள். சீழ்க்கை நின்றிருந்தால், ஒவ்வொரு துண்டாக உரித்து மீண்டும் மீண்டும் ஓட்டிப் பாருங்கள். எந்தத் துண்டை உரித்ததும் சீழ்க்கை திரும்புகிறதோ அங்கே ரப்பரை மாற்ற வேண்டும். முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே கதவின் வெளித்தகட்டில் விரிசல் ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள். எம்ஜிபிக்கே உரிய பழைய வியாதி அது.

ஆனால் புது ரப்பர் போட்டும் சீழ்க்கை போகவில்லை, கதவின் மேல்முனையில் இடைவெளி குறுகியும் கீழே விரிந்தும் இருக்கிறது, மூடும்போது கொக்கியில் இடித்து ஏறுகிறது என்றால், பிரச்சினை கதவில் இல்லை. தனிச் சட்டகம் இல்லாத இந்த வண்டியின் முதுகெலும்பு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்னும் பெட்டி. வெளித்தகடு, நடுவே செங்குத்தாக நிற்கும் உள்தகடு, அடியில் கோட்டைமதில்போல் பற்கள் வெட்டிய நீர்வடியும் சட்டம் என மூன்றும் சேர்ந்துதான் அந்தப் பெட்டி. இங்கிலாந்தின் குளிர்காலச் சாலையில் தூவும் உப்பு, முன்சக்கர வளைவுக்குப் பின்னால் சேறோடு தங்கி, அந்த முனையிலிருந்து தின்னத் தொடங்குகிறது. வெளித்தகடு, விங் எனப்படும் சக்கர மேல்தகடுகளில் முன்விங்குக்கு அடியிலும் பின்விங்குக்கு அடியிலும் தொடர்வதால், கண்ணில் படும் நடுப்பகுதி நன்றாக இருப்பது எதையும் நிரூபிக்காது. முன்விங் போல்ட்டால் பூட்டியது. கழற்றிப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

துருவேறிய சில்லின் மேல் புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் செய்து விற்கப்பட்ட வண்டிகள் ஏராளம். என்னுடையதும் அப்படித்தான் வந்தது: முந்தைய பட்டறை ஒன்று, பழைய தகட்டை அகற்றாமலே மேலே இன்னொன்றை ஒட்டி, இடையில் நுரையை நிரப்பி, வண்ணமும் பூசியிருந்தது. அதை வெட்டிச் சரிசெய்ய எனக்கு இரண்டு குளிர்காலங்கள் ஆயின.

வேலைமுறை இது. வண்டியின் எடை அதன் சஸ்பென்ஷன் புள்ளிகளில் அமரும்படி நிறுத்துங்கள். கதவுத் திறப்பின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே ஓர் இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து, திறப்பு சுருங்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஜிடிக்குக் கூரை இருக்கிறதே என்று இதைத் தவிர்க்க வேண்டாம். ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகே மறுபக்கத்தை வெட்டுங்கள். புதுத் தகட்டைக் கிளாம்பால் பிடித்து, கதவை மாட்டி, இடைவெளியைப் பார்த்து, புள்ளி புள்ளியாக ஒட்டி, மீண்டும் கதவை மாட்டிப் பார்த்து, அதன் பிறகே முழு வெல்டிங். அதையும் சிறு சிறு தையலாக, சூடு ஓரிடத்தில் குவியாமல் இடம் மாற்றிச் செய்ய வேண்டும். தகடுகளுக்குப் பஞ்சமில்லை: பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல், பழைய அச்சுகளைக் கொண்டு எம்ஜிபியின் முழுக் கூட்டையே புதிதாகச் செய்து விற்றுவருகிறது.

பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2018 முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. வசதிதான். ஆனால் வேறொருவர் விளக்குப் பிடித்து அடியில் பார்க்கும் வாய்ப்பும் அதோடு போயிற்று. ஆகவே சலுகை இருந்தாலும் நான் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன்.

அறிகுறி: கம்பளத்தின் அடியில் ஈரம்

முன்கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுச் சல்லடையில் ஒரு லிட்டர் நீரை ஊற்றுங்கள். சில விநாடிகளில் அது கியர்பாக்ஸுக்கு அருகே தரையில் வடிய வேண்டும். வடியாவிட்டால், ஹீட்டர் அறையின் வடிகுழாய் இலைச்சருகால் அடைபட்டிருக்கிறது. நிரம்பிய நீர் ஹீட்டர் வழியாகக் கால்பக்கம் இறங்கும். என் முதல் தரைத்தகட்டைக் கொன்றது இந்தக் குழாய்தான். ஈரம் பிசுபிசுத்து இனிப்பு மணம் வீசினால் அது மழைநீர் அன்று, ஹீட்டரிலிருந்து கசியும் குளிர்விப்பு நீர். கதவின் உள் அட்டைக்குப் பின்னால் இருக்க வேண்டிய நெகிழித்தாள் இல்லாவிட்டால், கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் உள்ளே சொட்டும். ஒரு மழைக்காலம் முழுவதும் கம்பளமின்றி ஓட்டி, தரை காய்ந்தே இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

மேலே சொன்ன எல்லாம் தீர்ந்த பின்: பட்டையும் பஞ்சும்

வெல்டிங் வேலை முழுவதும் முடிந்திருக்க வேண்டும். பட்டை ஒட்டிய பிறகு இருக்கை போல்ட்டுக்காக ஒரே ஒரு புள்ளி வெல்டிங் செய்யப்போய், அடியில் இருந்த தார் புகைந்து, வண்டி கூடமெல்லாம் கரும்புகை சூழ்ந்த நாளை நான் மறக்க முடியாது. துருவைச் சுரண்டி, எபாக்சி பிரைமர் பூசி, இணைப்புகளில் சீலர் இட்டு, வண்ணம் காய்ந்த பிறகு தொடங்குங்கள்.

தகட்டை விரல்முட்டியால் தட்டுங்கள். "டங்" என்று ஒலிக்கும் இடத்தில் மட்டும் அதிர்வடக்கும் பட்டை வேண்டும். "தொப்" என்று ஒலிக்கும் இடத்தில் வேண்டாம். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் பட்டை, தட்டையான தகட்டின் நடுவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மூடினாலே போதும். முழுவதும் மூடுவதால் விற்பவருக்கே அதிக நன்மை. 2 மில்லிமீட்டர் பட்டை ஒரு சதுர மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் எடை கூட்டும், வண்டியோ சுமார் 1,100 கிலோதான். கூரை, கதவின் வெளித்தகட்டு உட்புறம், பின்சக்கர வளைவுகள், டிக்கித் தரை ஆகியவை முதலிடம் பெறும். அறை வெதுவெதுப்பாக இருக்கும்போது உருளையால் அழுத்தி, காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். நீர்வடியும் துளை, இருக்கை போல்ட், சீட்பெல்ட் முளை ஆகியவற்றின்மேல் ஒட்டக் கூடாது.

அடுத்தது எடைத் தடுப்பு. இது அதிர்வை அடக்குவதற்கன்று, காற்றுவழி ஒலியை மறிப்பதற்கு. தடுப்பின் எடை இருமடங்கானால் கணக்கின்படி 6 டெசிபெல் குறையும். ஆனால் அதைத் தகட்டோடு நேரே ஒட்டாமல் நீரை உறிஞ்சாத மூடிய நுண்ணறை நுரையின்மேல் மிதக்கவிட வேண்டும். எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையேயான சுவரும் கியர்பாக்ஸ் டன்னலும் இதற்குரிய இடங்கள். எக்சாஸ்ட் ஓடும் பக்கத்தில் வெப்பம் தாங்கும் பொருளையே தேர்ந்தெடுங்கள். இறுதியில் கம்பளி நார்ப்பஞ்சு, அதன்மேல் கம்பளம். இவற்றைத் தரையோடு பசையிட்டு ஒட்ட வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை தூக்கி அடியில் பார்க்கும்படி கழற்றக்கூடிய துண்டுகளாக இருக்கட்டும்.

அறிகுறி: ஒலித்தடுப்புக்குப் பின் புதிதாகக் கேட்கும் ஒலிகள்

இவை புதியவை அல்ல. பெரிய இரைச்சல் மறைத்துவைத்திருந்தவை. டேஷ்போர்டுக்குப் பின்னால் தொங்கும் கம்பிக்கட்டு, கதவுக்குள் கண்ணாடி ஏற்றும் கைப்பிடிப் பொறி, அதன் கீழே என்றோ விழுந்து கிடக்கும் திருகு, டிக்கித் தரைக்கடியில் தளர்ந்த உபரிச் சக்கரம், பின்கதவின் பூட்டுக் கொக்கி என்று ஒவ்வொன்றாக வெளிப்படும். பின் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்துக் கையால் ஒவ்வொரு பொருளாக அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் கரடுமுரடான சாலையில் ஓட்டுங்கள். எதை அழுத்தும்போது ஒலி நிற்கிறதோ, அங்கே துணிநாடாவோ மெல்லிய ஃபெல்ட் துண்டோ வைத்தால் போதும். டேஷ்போர்டுக்குள் நுரையைத் திணிக்க வேண்டாம். அங்கே மின்கம்பிகள் சூடாகும்.

என் வண்டியில் இப்போது மிஞ்சியிருப்பது பெட்ரோல் பம்பின் டிக்டிக் ஒலி மட்டும்தான். ரப்பர்த் திண்டின்மேல் பொருத்தி அதையும் அடக்கிவிடலாம். பொருளும் வாங்கி வைத்திருக்கிறேன், ஆனால் பொருத்தவில்லை. காலையில் சாவியைத் திருப்பி, அது ஏழெட்டு முறை அடித்து நிற்கும் வரை காத்திருந்த பிறகே எஞ்சினைக் கிளப்புகிறேன்.